நீ எழுதிய இரண்டு வரி

அன்புத் தாவீதே, என் இடுப்பில் வளர்ந்த தம்பியே,

செம்பாக்கத்து வீட்டிலிருந்து உன் அண்ணன் சொல்கிறேன். எழுத்து என்னுடையது இல்லை. எனக்கு எழுதத் தெரியாதென்பது உனக்குத் தெரியாததா? நான் சொல்லச் சொல்ல எழுதுவது உன் மனைவி எஸ்தர். சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே, பள்ளிக்கூடத்தில் பரீட்சைப் பேப்பர் திருத்தின அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் "கீது" என்று சொன்னால் "இருக்கிறது" என்று எழுதுகிறாள்.

"அச்சுல வரப் போவுது மாமா, கொஞ்சம் ஒழுங்கா இருக்கட்டும்" என்கிறாள்.

"அவன் படிச்சா யாரோ தாசில்தார் பேசறான்னு நெனச்சுக்குவான்மா."

சிரித்தாள். கடைசியில் இப்படி முடிவு செய்தோம்: நான் உனக்குச் சொல்வதை அவள் திருத்திக்கொள்ளலாம். நாம் வாயால் பேசிக்கொண்டதை மட்டும் பேசினபடியே விட்டுவிட வேண்டும்.

நீ போய் வருஷம் முடியப் போகிறது. இந்த மழைக்கு ஏரி நிரம்பி, சாயங்காலத்தில் நீ உட்காருகிற கரைவரை தண்ணீர் ஏறி வந்தது. உன் ரெக்கார்டுகள் முன்ரூமில் அப்படியே இருக்கின்றன. வாரத்துக்கு ஒருநாள் ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி தட்டி வைக்கிறேன். பெயர் தெரியாவிட்டால் என்ன, அட்டைப் படம் தெரியும். மஞ்சள் கோட்டுக்காரன் முதுகைக் காட்டி நிற்பதில் மூன்றாவது பாட்டில் கீறல். ரயில் பெட்டிப் படம் போட்டதை நீ யாருக்கும் இரவல் கொடுக்கமாட்டாய். வைத்த இடம் மாறாமல் வைக்கிறேன். நீ வந்து தேடப் போவதுபோல.

போன மாதம் அஸ்தினாபுரத்திலிருந்து ரகு சார் வந்தார். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருஷமாக ரேடியோவில் உன் ராக் பாட்டு நிகழ்ச்சியை ஒரு வாரம் விடாமல் கேட்டவராம். அவரைப்போன்ற நேயர்கள் சேர்ந்து உனக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். என்னைப் பார்த்ததும் அவர் கேட்டதுதான் வேடிக்கை.

"'எங்க அண்ணன் சொல்வார்'னு சார் ஒவ்வொரு வாரமும் சொல்வாரே, அந்த அண்ணன் நீங்கதானா? நாங்கள்லாம் அது சும்மா அவர் கட்டிவிட்ட ஆள்னு நெனச்சோம் சார்!"

என்னை ஒருவர் சார் என்றார் தாவீது. தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினவனை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "மலர்ல நீங்கதான் எழுதணும்" என்றார். எனக்கு எழுதத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. எப்போதும்போலத் தலையை ஆட்டிவிட்டேன். இந்தத் தலையாட்டுகிற பழக்கத்தால் வந்த வினையைத்தான் இந்தக் கடிதத்தில் சொல்லப் போகிறேன்.

வருஷ நினைவு நாளில் உன் கல்லறையில் கல் வைக்கிறோம். கறுப்புக் கல். தாம்பரத்தில் செல்வம் என்பவர் வெட்டுகிறார். உன் பெயருக்குக் கீழே, ஆஸ்பத்திரியில் நீ கடைசியாக எழுதிய வரியைப் போட வேண்டும் என்று எஸ்தர் ஆசைப்படுகிறாள். அது என்ன வரி என்று அவளுக்குச் சொன்னவன் நான். நாளை மறுநாள் அதை வெட்டிவிடுவார்கள். அதற்குமுன் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும்.

"என்ன மாமா அது?" என்று எஸ்தர் பேனாவை நிறுத்திக் கேட்கிறாள்.

"எழுதிகினே வாம்மா. வரும்."

முதலிலிருந்தே சொல்கிறேன். படிக்கிறவர்களுக்கும் தெரியட்டும்.

அப்பா செத்தபோது உனக்கு மூன்று வயது. அம்மா ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு ஆங்கிலோ இந்திய எஞ்சின் டிரைவர் வீட்டில் சமையல் வேலைக்குப் போனாள். உன்னையும் கூட்டிக்கொண்டு போவாள். நீ பின்வாசல் படியில் உட்கார்ந்திருப்பாய். உள்ளே அந்த டிரைவரின் மகள்கள் ரெக்கார்டு போட்டு ஆடுவார்கள். உன்னைக் கூட்டிவர வருகிறபோதெல்லாம் பார்ப்பேன். நீ சுவரில் காதை வைத்துக்கொண்டிருப்பாய். கதவு திறந்துதான் இருக்கும், ஆனாலும் உனக்குச் சுவர்தான் வேண்டும். "சொவரு ஒதறுதுண்ணா" என்பாய். அப்போது உனக்கு எட்டு வயது.

அந்தக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியபோது ஒரு பெட்டி நிறைய ரெக்கார்டுகளை உனக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி வந்தது நான். வீட்டில் இறக்கின பிறகுதான் யோசித்தோம், போட்டுக் கேட்க மெஷின் இல்லை. இரண்டு வருஷம் இல்லை. நீ தினமும் ஒரு ரெக்கார்டை எடுத்து, நடு ஓட்டையில் பென்சிலைச் செருகிச் சுற்றுவாய். வாயாலேயே கிட்டார் வாசிப்பாய். அம்மா, "புள்ளைக்கு ஏதோ புடிச்சிகிச்சு" என்று சர்ச்சில் போய் ஜெபம் பண்ணினாள்.

பழைய மெஷின் ஒன்றை நான் தோளில் தூக்கி வந்த அன்றைக்கு நீ முதலில் அழுதாய். அப்புறம் பாட்டைப் போட்டாய். டிரம்ஸ் அடி விழுந்ததும் கூரையிலிருந்து பல்லி விழுந்தது, ஞாபகம் இருக்கிறதா? நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இதுல இன்னா சொல்றான்ணா?"

"எனக்கின்னாடா தெரியும், இங்கிலீசு பாட்டு."

"வார்த்தைய வுடு. சத்தம் இன்னா சொல்லுது?"

கண்ணை மூடிக் கேட்டேன். "தகர ஷெட்டுக்கு அடியில தூங்கிகினு கீறான் ஒர்த்தன். ஆலங்கட்டி மழை வந்துட்ச்சி. எழுந்து ஓடவும் தோணல, படுக்கவும் முடியல. அப்டி கீது."

நீ குதித்தாய். அது ஊரைவிட்டு ஓடி வந்து தனியாக இருக்கிறவனின் பாட்டாம். அன்றிலிருந்து எந்தப் பாட்டு கிடைத்தாலும் முதலில் எனக்குப் போடுவாய். "அண்ணனுக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்" என்பாய். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத எனக்கு நீ வைத்த பரீட்சை அது. அதில் மட்டும் நான் தோற்றதில்லை.

வானொலி நிலையத்தில் உனக்கு கேஷுவல் அறிவிப்பாளர் வேலை கிடைத்தது. இங்கிலீஷ் பாட்டுக்குத் தமிழில் பேசுகிறேன் என்று நீ நின்றாய். உன் அதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை. இந்தப் பாட்டைக் கேட்கிறவனுக்கு இங்கிலீஷ் தெரியும், தமிழ் மட்டும் தெரிந்தவன் இதைக் கேட்கமாட்டான் என்றாராம். "எங்க அண்ணன் கேட்பார் சார்" என்று நீ சொன்னாயாம். எத்தனை மாதம் அலைந்தாய்! கடைசியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரைமணி நேரம் கொடுத்தார்கள்.

முதல் நிகழ்ச்சியன்று மார்க்கெட் டீக்கடையில் ரேடியோவை நான்தான் வைக்கச் சொன்னேன். மூட்டைக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். கிட்டார் வந்ததும் ஒருவன் எழுந்துவிட்டான்.

"இன்னாபா இது, பாத்திரக் கடைய கவுத்துட்ட மாதிரி? மாத்துபா ஸ்டேசன."

"கம்னு குந்துடா. என் தம்பி பேசப் போறான்."

"உன் தம்பியா? ரேடியோலயா? அப்போ நான் வாத்யாரு!"

அப்போதுதான் உன் குரல் வந்தது. 'எங்க அண்ணன் சொல்வார், இந்த கிட்டார் சத்தம் செங்குத்து ரோட்டில் மூட்டையோடு ஏறுகிறவன் மூச்சு மாதிரி இருக்கும் என்று. நேயர்களே, அந்த மூச்சைக் கேளுங்கள்.' பாட்டு முடிகிறவரை கடையே உட்கார்ந்து கேட்டது. எழுந்தவனே, "அட ஆமாபா, மூச்சுதான்" என்றான். அன்றைக்கு நான் டீ குடித்தேனா இல்லையா என்பதுகூட நினைவில்லை. எதையும் மறக்காத எனக்கு அது ஒன்றுதான் நினைவில்லை.

ஒருமுறை ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர், இந்தப் பக்கம் நீ. மைக் முன்னால் வேறு பேச்சு பேச முடியாதென்பதால் எல்லாம் கையால்தான். பேசி முடித்ததும் நீ உள்ளங்கையை விரித்து அவரை நோக்கி நீட்டுவாய். "அடுத்ததைப் போடு" என்று அர்த்தம். அவர் உடனே போட வேண்டும். "நாலு நொடி சும்மா வுட்டா போதும்ணா, கேக்கறவன் வேற ஸ்டேசன் போயிடுவான்" என்றாய். சும்மா இருப்பது என்றால் உனக்கு அவ்வளவு பயம்.

உள்ளங்கையை விரித்தால் அடுத்தது. இதை நான் நன்றாகக் கற்றுக்கொண்டேன் தாவீது. கற்காமலே இருந்திருக்கலாம்.

எஸ்தர் வந்தாள். உங்களுக்குப் பிள்ளை இல்லை. உன் அண்ணி போன பிறகு நானும் உங்களோடு வந்துவிட்டேன். மூன்று பேர், ஆயிரம் ரெக்கார்டு. "இந்த வீட்டுல ரெக்கார்டுதான் முதல். நான் ரெண்டாவதோ மூணாவதோ" என்று எஸ்தர் சொல்வாள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். வருஷங்கள் போகப் போக அதில் விளையாட்டு குறைந்துகொண்டே வந்தது. உனக்குக் கேட்டதோ இல்லையோ, எனக்குக் கேட்டது. சத்தம் என்ன சொல்கிறது என்று கேட்கப் பழகினவன் இல்லையா நான்?

இதை எழுதும்போது அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள். ஆனால் எழுதிவிட்டாள்.

உன் குரல் கரகரத்ததையும் முதலில் கேட்டவன் நான்தான். ரகு சாரைப்போன்றவர்கள் எல்லாரும் குரலில் புது ருசி வந்திருப்பதாகச் சொன்னார்கள். நீயும் "இப்பத்தாண்ணா என் கொரலே ராக் ஆயிகீது" என்று சிரித்தாய். எனக்கு உள்ளே ஏதோ சரியில்லை என்று பட்டது. "மொளகு ரசம் குடிடா" என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். ஆறு மாதம் மிளகு ரசம் குடித்தாய். அன்றே உன் சட்டையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருந்தால்?

ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாக மூச்சு. சத்தம் இல்லை. எஸ்தர் ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் நீல மார்க்கரும் வாங்கி வந்தாள். நீ எழுதுவாய், அவளோ சிஸ்டரோ படிப்பார்கள். நான் துடைப்பேன். என் தோள் துண்டுதான் துடைக்கிற துணி. உனக்கு அங்கேயும் அவசரம். எழுதிக் காட்டிவிட்டு உள்ளங்கையை விரிப்பாய், நான் உடனே துடைத்துக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் முறைப்பாய். சிஸ்டர்கூட, "பெரியவரு நல்ல அசிஸ்டெண்டு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு நாளைக்கு நூறு தடவை துடைத்திருப்பேன். துண்டின் ஓரமெல்லாம் நீலம்.

அந்த மத்தியானத்துக்கு வருகிறேன்.

எஸ்தர் கீழே மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். சிஸ்டர் நாலு கட்டில் தள்ளி யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்தார். நீ கண் திறந்து பலகையைக் கேட்டாய். கொடுத்தேன். அன்றைக்கு அவசரம் இல்லை. மெதுவாக எழுதினாய், நடுவில் நிறுத்தி மூச்சு விட்டாய், மறுபடி எழுதினாய். இரண்டு வரி. மேல் வரி சின்னது. கீழ் வரி பலகையின் ஓரம்வரை போனது. கடைசியில் அடியில் ஒரு கோடு இழுத்தாய். என் பக்கம் திருப்பிக் காட்டினாய்.

எனக்கு எழுத்து தெரியாதென்று உனக்குத் தெரியும்தானே? அப்புறம் ஏன் எனக்குக் காட்டினாய்? மருந்து மயக்கத்தில் மறந்துவிட்டாயா? இல்லை, எஸ்தர் வருகிறவரை பிடித்து வைத்துக்கொள் என்று கொடுத்தாயா?

நான் தலையை ஆட்டினேன். ரேஷன் கடையில், பேங்கில், பஸ்ஸில், யார் எந்தக் காகிதத்தைக் காட்டினாலும் படித்துவிட்டவன்போல ஆட்டுகிற அதே தலை. உன்னிடம்கூட ஆட்டினேன்.

நீ என்னையே பார்த்தாய். அப்புறம் உள்ளங்கையை விரித்து நீட்டினாய்.

துடைத்துவிட்டேன், தாவீது.

யோசிக்கவே இல்லை. கை தானாகப் போனது. ஒரே இழுப்பு. பலகை வெள்ளையாகிவிட்டது. அதை உன் விரித்த கையில் வைத்தேன். நீ அதை வாங்கவில்லை. வெறும் பலகையைப் பார்த்தாய். உன் தோள் குலுங்கியது. நீ சிரித்தாயா? மூச்சு முட்டியதா? சத்தமில்லாதவன் சிரித்தால் எப்படித் தெரியும்? கண்ணை மூடிக்கொண்டாய், அப்புறம் திறக்கவே இல்லை. சாயங்காலம் போய்விட்டாய்.

அந்தக் கை அடுத்த பலகையைக் கேட்டதா? என் கையைக் கேட்டதா? இந்த ஒரு வருஷமாக எனக்கு வேறு கேள்வி இல்லை.

எஸ்தர் மருந்துப் பையோடு ஓடி வந்தாள். உன்னைச் சுற்றி டாக்டர்கள். என் கையில் பலகை. "கடைசியா என்ன எழுதினாரு மாமா?" என்று கேட்டாள். எழுதியிருக்கிறான், நான் துடைத்துவிட்டேன், என்னவென்று தெரியாது என்று சொல்ல முடியவில்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "'எஸ்தர்தான் முதல்'னு எழுதினான்மா. சிஸ்டர் படிச்சு சொன்னாங்க" என்றேன்.

அது பொய். சிஸ்டர் வரவே இல்லை. அந்த வரி நானே கட்டினது. நீ அப்படி எழுதினாயா இல்லையா என்பதே எனக்குத் தெரியாது. அதைத்தான் கல்லில் வெட்டப் போகிறார்கள்.

இந்த இடத்தில் எஸ்தரின் பேனா நின்றுவிட்டது. இதற்கு மேல் நடந்ததை அவள் அடுத்த நாள்தான் எழுதினாள். எழுதமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னாள்.

"சிஸ்டர் படிச்சாங்கன்னு சொன்னீங்களே" என்றாள்.

"நானா கட்டிச் சொன்னேம்மா."

"அப்போ என்னதான் எழுதியிருந்தாரு?"

"தெரியாதும்மா."

"தமிழா? இங்கிலீஷா? அதாவது தெரியுமா?"

"கை நடுக்கத்துல எழுதுனான். எனக்கு எல்லாம் ஒண்ணுதான்."

எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாய் ஓடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. பாத்திரச் சத்தம் இல்லை, வெறும் தண்ணீர். திரும்பி வந்து ஒரு தாளையும் பென்சிலையும் என்முன் வைத்தாள்.

"வரைஞ்சு காட்டுங்க. உங்களுக்குத்தான் எதுவுமே மறக்காதே."

வரைந்தேன். எனக்கு மறக்கத்தான் இல்லை. நிற்கிற கோடு ஒன்று, பக்கத்தில் ஒரு சுழி, அப்புறம் இடைவெளி. கீழ் வரியில் ஒரே மாதிரி இரண்டு வளைவு. அடியில் கோடு. எஸ்தர் தாளை நேராகப் பிடித்தாள், தள்ளிப் பிடித்தாள், ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.

"முப்பது வருஷம் பசங்க கிறுக்கலப் படிச்சிருக்கேன் மாமா" என்றாள். "இதப் படிக்க முடியல." தாளைப் பார்த்தபடியே, "என் பேரு மாதிரி எதுவும் தெரியல" என்றாள்.

தாளை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அவரு உங்க வார்த்தைய ரேடியோல சொல்வாரு. ஆனா 'எங்க அண்ணன் சொல்வார்'னு உங்க பேர்லதான் சொல்வாரு. நீங்க உங்க வார்த்தைய எடுத்து அவரு பேர்ல சொல்லிட்டீங்க."

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. இருந்தாலும் மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். அன்றே சொல்லாமல் விட்டால் எப்போது சொல்வேன்?

"அவன் எழுதுனது என் துண்டுல இருந்துச்சும்மா. நீலமா. படிக்க முடியாது, ஆனா இருந்துச்சு."

"எந்தத் துண்டு?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த துணியெல்லாம் நீ பக்கெட்டுல ஊற வெச்சியே."

அவள் கை வாய்க்குப் போனது. "ப்ளீச்சிங் போட்டேன் மாமா. கறை போகலன்னு ரெண்டு தரம் போட்டேன்."

"தெரியும். கிணத்தடியில நின்னு பாத்துகினுதான் இருந்தேன்."

"ஏன் மாமா சொல்லல? ஒரு வார்த்த, துவைக்காதன்னு?"

"ஏன்னு கேப்பியே."

அதற்கு அப்புறம் இரண்டு பேரும் பேசவில்லை. நீ பயப்படுகிற அந்த நாலு நொடி போல எத்தனையோ நாலு நொடி போயிற்று. எதிர்வீட்டு ரேடியோவில் உன் பழைய நேரத்தில் இப்போது யாரோ ஒரு பெண் சினிமாப் பாட்டுக்கு நடுவில் ஜோக் சொல்லிக்கொண்டிருந்தாள். எஸ்தர் மெல்லச் சொன்னாள்:

"நீங்க ஒரு தரம் துடைச்சீங்க. நான் ரெண்டு தரம்."

மன்னித்தாள் என்று இதைப் படிக்கிறவர்கள் நினைக்க வேண்டாம். இன்று காலையில் என் முகத்தைப் பார்க்காமல்தான் காப்பி டம்ளரை வைத்தாள். ஒரு வருஷம் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடந்தவள். அதைப் பிடுங்கிவிட்டு நான் என்ன கொடுத்தேன்? பென்சில் கிறுக்கல் ஒன்று.

செல்வத்துக்கு அவளே போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"அக்கா, கடைசி வரிய வெட்டிடட்டா? உளி வெச்சுகினு குந்திகினு கீறேன்."

"வேணாம் செல்வம். பேரு மட்டும் போதும். அதுக்குக் கீழ ரெண்டு வரிக்கு எடம் விட்டுடுங்க. மேல சின்னது, கீழ பெருசு."

"பின்னாடி வெட்டப் போறீங்களாக்கா? கல்ல நட்டதுக்கு அப்பால வெட்டுறது பேஜாரு. இப்பவே சொல்லிடுங்க, இன்னா எழுதணும்?"

"ஒண்ணும் எழுத வேணாம். அது எழுதியாச்சு."

செல்வத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "சரிக்கா, உங்க இஷ்டம்" என்று வைத்துவிட்டார்.

மலருக்கு இதைக் கொடுக்க வேண்டுமா என்று எஸ்தரிடம் கேட்டேன். "கொடுங்க. எல்லாருக்கும் அந்த வரியைச் சொல்லியிருக்கேன், இதையும் தெரிஞ்சுக்கட்டும்" என்றாள். ஆகவே ரகு சார், உங்கள் 'அண்ணன்' இப்படிப்பட்டவன்தான். இங்கிலீஷ் பாட்டுக்கெல்லாம் அர்த்தம் சொன்னவனுக்கு, சொந்தத் தம்பி கடைசியாக எழுதினதன் அர்த்தம் தெரியாது.

தாவீது, என் நாற்பதாவது வயதில் நீ எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கிறேன் என்று சிலேட்டு வாங்கி வந்தாய். "நீதான் படிச்சுச் சொல்றியே, எனக்கு எதுக்கு?" என்றேன். "நான் இல்லாதப்போ?" என்றாய். "நீ எங்கடா போவப் போற?" என்று சிலேட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றைக்கும் நீ உள்ளங்கையை விரித்துத்தான் வாங்கிக்கொண்டாய்.

இனி என்னால் ஆவது ஒன்றுதான். அதைச் சத்தியமாகச் சொல்கிறேன். கால் நடக்கிற மட்டும் மாதம் ஒருமுறை தாம்பரத்தில் உன் கல்லறைக்கு வருவேன். கல்லின் மேல் விழுந்த இலையைத் தள்ளுவேன். உன் பெயரைத் துடைப்பேன், பளபளவென்று துடைப்பேன். அதற்குக் கீழே இருக்கிற அந்த இரண்டு வரி இடத்தில் மட்டும் தூசி படியட்டும், மழை பெய்யட்டும், காக்கை எச்சமிடட்டும், என் துண்டு அங்கே படாது. நீ எத்தனை தடவை உள்ளங்கையை விரித்தாலும், இந்த முறை நான் துடைக்கமாட்டேன்.

துடைத்த கையின் பெருவிரல் ரேகையை வைத்து,
உன் கூடப்பிறந்த மூத்தவன்,
துரைராஜ்

அவர் சொன்னபடி எழுதியவள்: எஸ்தர்